‘இவன் மாதிரிதான்’ என்பதும் ‘இவன்தான்’ என்பதும்

தம்பி கேட்டிருந்தது இது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பூஜை முடிந்து தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு நடந்து வந்த ஓர் அக்காவின் சங்கிலியை, மோட்டாரில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் கைப்பேசியில் காட்டிய படத்தைப் பார்த்து, பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்று உங்கள் மாமா மகனை அக்கா அடையாளம் சொன்னார். ஒரு வாரத்தில் ஸ்டேஷனில் அடையாள அணிவகுப்பு, அதாவது பல பேரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வது. அங்கேயும் அவனையே காட்டினார். பக்கத்து மளிகைக்கடைக்காரரும் அவன்தான் என்கிறார். பையனோ, அந்த நேரத்தில் செம்பனை மில்லில் ஷிஃப்டில் இருந்தேன் என்கிறான். “அக்கா பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் இவன் பொய் சொல்கிறானா? போலீஸ் செய்தது சரியான முறைதானா?”

நான் லோயர் இல்லை. இருபத்தாறு வருடம் இங்கே மலேசியாவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் ஜூருபஹாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக நின்றவன். சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் சொல்வேன், துவான், அதாவது நீதிபதி கேட்பதைத் தமிழில் சொல்வேன். அங்கே நின்று பார்த்ததையும் ஓய்வு பெற்றபின் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

இரண்டு பேருமே உண்மை பேசிக்கொண்டிருக்கலாம். கோர்ட்டில் எனக்குப் பயத்தைக் கொடுத்த சாட்சிகள் இந்த வகைதான். பொய் சொல்கிறவனை எதிர்த்தரப்பு லோயர் நாலு கேள்வியில் தடுமாற வைத்துவிடுவார். மனசார நம்பி, கண் கலங்கி, “இவன்தான் ஐயா, சாகிற வரைக்கும் இந்த முகத்தை மறக்க மாட்டேன்” என்று சொல்கிற ஒரு பெரியம்மாவை எந்தக் கேள்வியால் அசைப்பது? கேட்கிற எல்லாரும் நம்பிவிடுவோம். நானே எத்தனையோ தடவை நம்பி, அந்த நம்பிக்கை குரலில் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்திருக்கிறேன்.

சம்பவத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஏழரை மணி, மஃரிப் பாங்கு ஓய்ந்த நேரம். தெருவிளக்கில் ஒன்று எரியும், ஒன்று எரியாது. மோட்டார் பின்பக்கமிருந்து வருகிறது. முதலில் சத்தம், அப்புறம் கழுத்தில் ஓர் இழுப்பு. அக்காவின் கை கழுத்துக்குப் போகிறது, கண் சங்கிலி போன கையைத் துரத்துகிறது. பின்னால் இருந்தவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தானாம். ஹெல்மெட் போட்டிருந்தான், கண்ணாடியை மேலே தூக்கி விட்டிருந்தான். முகம் எவ்வளவு நேரம் தெரிந்தது? கோர்ட்டில் இதைக் கேட்டால் பெரும்பாலும் “ஒரு நிமிஷம் இருக்கும்” என்பார்கள். ஒருமுறை ஒரு லோயர் சாட்சியிடம் சொன்னார்: “அம்மா, நான் ‘சரி’ என்றதும் அவன் உங்களைப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் முகத்தைத் திருப்பியதும் ‘போதும்’ என்று சொல்லுங்கள்.” கோர்ட்டே அமைதியாக இருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விநாடியில் “போதும்” வந்துவிட்டது. அந்த அம்மா முதலில் சொன்னதும் ஒரு நிமிடம்தான். பயத்தில் நேரம் நீளும். இதில் பாராங் கத்தி ஒன்றும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். கண் கத்தியைத்தான் பிடித்துக்கொள்ளும், பிடித்திருப்பவன் முகத்தை விட்டுவிடும். ஆராய்ச்சியாளர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஞாபகம் என்பது தோட்டத்துக் கிராணி ஆள் வரவு எழுதும் செக்ரோல் புத்தகம் இல்லை, எழுதினது எழுதினபடி கிடக்க. நேற்று வைத்த குழம்பு மாதிரி. ஒவ்வொரு தடவை சூடு பண்ணும்போதும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறோம், கொஞ்சம் உப்புப் போடுகிறோம். 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே படங்கள்தான். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். கார்கள் ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்டவர்களுக்கு வந்த சராசரி மணிக்கு 31.8 மைல். ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்டவர்களுக்கு 40க்கு மேல். இன்னொரு குழுவை ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டபோது, ‘நொறுங்கிய’ கேள்வியைக் கேட்டிருந்தவர்களில் அதிகம் பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம் என்றால், மொழிபெயர்ப்பாளன் எவ்வளவு பயந்து வேலை பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வழக்கில் எனக்கு மிகவும் உறுத்துவது அந்தக் கைப்பேசிப் படம். நாலு நாள் கழித்து, ஒரே ஒரு படம், “இவனா பாருங்க அக்கா.” கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் வீடு தேடி வந்து ஒரு முகத்தைக் காட்டினால், அவருக்கு ஏதோ தெரிந்துதான் காட்டுகிறார் என்று யாருக்கும் தோன்றும். அக்காவுக்கும் தோன்றியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவர் மனதில் இருக்கும் முகம் எது, ரோட்டில் மூன்று விநாடி பார்த்ததா, போனில் வெளிச்சமாக, நிதானமாகப் பார்த்ததா? அடுத்த வாரத்து அணிவகுப்பில் அவர் காட்டியது போனில் பார்த்த முகத்தையாக இருக்கலாம். ஆகவே ‘இரண்டு தடவையும் அவனையே காட்டினார்’ என்பதை இரண்டு ஆதாரமாக எண்ணாதீர்கள். அதிகம் போனால் ஒன்று.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. 1984, வட கரோலைனாவில் பர்லிங்டன் என்ற ஊர். ஜெனிஃபர் தாம்சன் என்ற கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் ஒருவன் புகுந்து பலாத்காரம் செய்தான். அந்தப் பெண், பிறகு அடையாளம் காட்ட வேண்டும் என்று அந்த நேரத்திலேயே முடிவு செய்து, அவன் முகத்தை வேண்டுமென்றே உற்றுப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டார். இவரைவிட நல்ல சாட்சி கிடைப்பாரா? போலீஸ் ஆறு படங்களைக் காட்டியது. சுமார் ஐந்து நிமிடம் பார்த்துப் பார்த்து ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தை எடுத்தார். நன்றாகச் செய்தாய் என்கிற மாதிரி அவருக்குச் சொல்லப்பட்டது. அப்புறம் நேரடி அணிவகுப்பு. படத்திலும் இருந்து, வரிசையிலும் நின்ற ஒரே ஆள் காட்டன்தான். அவரையே மறுபடி காட்டினார். படத்தில் எடுத்ததும் இதே ஆளைத்தான் என்று அவருக்குத் தெரியப்படுத்தினார்கள். 1985இல் தண்டனை. 1987இல் மறுவிசாரணை நடந்தபோது, உண்மையில் அந்தக் குற்றத்தைச் செய்த பாபி பூல் என்பவனையே கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண் அவனைப் பார்த்து, இவனைப் பார்த்ததே இல்லை என்றார். பொய் இல்லை. அதற்குள் அவர் ஞாபகத்தில் இருந்த முகமே காட்டனுடையதாக மாறிவிட்டிருந்தது. 1995இல் டிஎன்ஏ சோதனை பூலைக் காட்டியது. காட்டன் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். இது ஏதோ அபூர்வமான ஒன்று என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டிஎன்ஏ மூலம் நிரபராதி என்று நிரூபணமான முதல் 375 பேரின் வழக்குகளை இன்னொசன்ஸ் புராஜெக்ட் அமைப்பு கணக்கெடுத்தபோது, 69 விழுக்காட்டில் தவறான அடையாளம் ஒரு காரணமாக இருந்தது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. பையன் வேறு தோட்டத்தில் வளர்ந்தவன், அக்காவுக்கு அவனைத் தெரியாது, ‘ஆனால் ஆடித் திருவிழா அன்னதானத்தில் நாங்கள் எல்லாம் பரிமாறினோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மாதிரி ஊரில் இது பெரிய விஷயம். பட்டணமே நாலு சாலை, ஒரு கோயில், ஒரு பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை. பேர் தெரியாவிட்டாலும் முகம் எங்கேயோ பார்த்த முகமாகத்தான் இருக்கும். மூளை ‘இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்’ என்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், ‘எங்கே’ என்பதைத் தொலைத்துவிடும். அப்படியானால் அந்த முகம் வாளி தூக்கிச் சாம்பார் ஊற்றிய இடத்திலிருந்து மோட்டார் பின் சீட்டுக்கு ஏறிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் 1970களில் டொனால்ட் தாம்சன் என்ற உளவியலாளருக்கே இது நடந்தது. ஒரு பெண், தன்னைப் பலாத்காரம் செய்தவன் இவர்தான் என்று அடையாளம் சொன்னார். சம்பவம் நடந்த நேரத்தில் தாம்சன் டிவியில் நேரடி ஒளிபரப்பில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வீட்டு டிவியிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டிவி முகம் குற்றவாளி முகமாகிவிட்டது. தாம்சனின் ஆராய்ச்சியே மனித ஞாபகத்தைப் பற்றியதுதான், அதை என்ன சொல்ல.

சரி, அணிவகுப்புக்கு வருவோம். தோட்டத்தில் விடிகாலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுப்பதைப் பெரட்டு என்போம். அந்தச் சொல்லே வெள்ளைக்காரனின் ‘பரேட்’ நம் வாயில் மாறி வந்ததுதான். ஸ்டேஷனில் நடக்கும் கவாட் சாம், அதாவது அடையாள அணிவகுப்பும் ஒரு பெரட்டுதான். தோட்டத்துப் பெரட்டில் யார் வரவில்லை என்று பார்ப்பார்கள். ஸ்டேஷன் பெரட்டிலோ, தேடுகிற ஆள் வராமலே இருக்கலாம் என்ற நினைப்பே சாட்சிக்கு வருவதில்லை. கூப்பிட்டு வரிசை காட்டுகிறார்கள் என்றால் ஆள் உள்ளே இருக்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார். பிறகு, நிற்பவர்களில் யார் அதிகம் ஒத்துப்போகிறான் என்று ஒப்பிட்டு ஒருவனைக் காட்டிவிடுவார். கேரி வெல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தப் பழக்கத்தை 1984இல் எடுத்துச் சொன்னார். பின்னால் அவர் செய்த சோதனையில், வரிசையிலிருந்து உண்மைக் குற்றவாளியை எடுத்துவிட்டு மற்றவர்களை மட்டும் காட்டினால், நிறையப் பேர் ‘யாருமில்லை’ என்று சொல்வதை விட்டு அடுத்தவனுக்குத் தாவினார்கள். இதற்கு மருந்து ஒரே ஒரு வாக்கியம். “அந்த ஆள் இந்த வரிசையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாருமில்லை என்று சொன்னாலும் சரிதான்.” செலவே இல்லாத காரியம். தமிழ் மட்டும் தெரிந்த சாட்சிக்கு இதைத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கூட நிற்பவர்கள். இங்கிலாந்தில் 1984 சட்டத்தின் கீழ் வந்த நடைமுறை விதியில், சந்தேக நபரோடு குறைந்தது எட்டுப் பேர் நிற்க வேண்டும், வயது, உயரம், தோற்றம், வாழ்க்கை நிலை முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும், எந்த இடத்தில் நிற்பது என்பதைச் சந்தேக நபரே தேர்ந்தெடுக்கலாம் என்றிருக்கிறது. இப்போது அங்கே பெரும்பாலும் வீடியோவிலேயே முடித்துவிடுகிறார்கள். நம் ஊரில்? ‘கறுப்பாக, ஒல்லியாக, தாடி வைத்த தமிழ்ப் பையன்’ என்று சாட்சி சொல்லியிருப்பார். அந்த மாதிரி எட்டுப் பேரை ஒரு சின்னப் பட்டணத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கே போய்த் தேடுவது? எதிர் மம்மாக் கடையில் தேத்தாரே குடித்துக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிடுவார்கள். ஒரு வழக்கில் வரிசைப் படத்தை எனக்குக் காட்டினார்கள், சாட்சிக்கு எண்களைச் சொல்லி விளக்குவதற்காக. ஒன்பது பேர். தமிழர்கள் மூன்றே பேர், அதில் ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும். எட்டுப் பேர் காலில் சப்பாத்தோ சிலிப்பரோ இருந்தது. ஒருவன் மட்டும் வெறுங்கால், இடுப்பில் பெல்ட் இல்லாமல் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். நான்கு நாள் தாடி. லோக்காப்பில் பெல்ட்டையும் சப்பாத்தையும் வாங்கி வைத்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். சம்பவத்தையே பார்த்திராத என் பேத்தியிடம் அந்தப் படத்தைக் கொடுத்திருந்தாலும் சரியாகக் கை வைத்திருப்பாள். உங்கள் லோயர் இந்தப் படத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். படம் எடுக்கவில்லை என்றால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்க வேண்டும்.

அணிவகுப்புக்கு முன்னால் அக்கா எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதையும் விசாரியுங்கள். சின்ன ஸ்டேஷன்களில் கவுன்டருக்கு எதிரே ஒரே ஒரு பெஞ்ச்தான் இருக்கும். விலங்கு போட்ட பையனை அந்த வழியாகக் கூட்டிப் போயிருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது.

நடத்தும் அதிகாரிக்கு யார் சந்தேக நபர் என்று தெரியாமல் இருப்பது நல்லது என்கிறார்கள். வேண்டுமென்றே காட்டிக்கொடுப்பார் என்பதற்காகச் சொல்வதில்லை. நமக்கே தெரியாமல் மூச்சு மாறும், கண் அந்த எண்ணில் ஒரு விநாடி தங்கும், தவறான ஆளைக் காட்டினால் “நிதானமா பாருங்க அக்கா” என்போம், சரியான ஆளைக் காட்டினால் எழுத ஆரம்பித்துவிடுவோம். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஸ்டேஷனில் எல்லாருக்கும் எல்லாக் கேஸும் தெரியும், உண்மைதான். வேறு மாவட்டத்து அதிகாரியைக் கூப்பிடலாம். படங்களாக இருந்தால் தனித்தனி உறையில் போட்டுக் கலைத்துவிட்டு, சாட்சி எதைப் பார்க்கிறார் என்று தெரியாதபடி அதிகாரி தள்ளி நிற்கலாம். ஒரு முழு வரிசையாகக் காட்டுவதா, ஒவ்வொருவராகக் காட்டுவதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. அது நமக்கு வேண்டாம்.

எனக்குச் சொல்ல இருக்கும் முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

2000க்குப் பக்கத்தில் ஒரு வழக்கு. பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி. லயத்து வீட்டுக்குள் ராத்திரி புகுந்து, தலையணைக்கடியில் வைத்திருந்த கூட்டுப் பணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். சாட்சிக் கூண்டில் நிற்கிறார். அரசுத் தரப்பு குற்றம் சாட்டப்பட்டவனைக் காட்டிக் கேட்கிறது. பாட்டி நன்றாகப் பார்த்துவிட்டு, “இவன் மாதிரிதான் தெரியுது சாமி” என்றார். நான் “மாச்சாம் டியா” என்றேன், இவனைப் போல என்று. அரசுத் தரப்பு நிமிர்ந்து பார்த்தது, ஏனென்றால் அவர்கள் கையில் இருந்த போலீஸ் வாக்குமூலத்தில் ‘டியாலா ஒராங்ஞா’ என்று இருந்தது. இவன்தான் அந்த ஆள். மறுபடி கேட்டார்கள். பாட்டி மறுபடியும் “மாதிரிதான்” என்றார். மூன்றாம் தடவை துவான் என்னைப் பார்த்து, அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு என்ன அர்த்தம், உறுதியா, சந்தேகமா என்று கேட்டார். நான் சொன்னேன்: துவான், இந்தச் சொல்லை அம்மா இரண்டுக்கும் சொல்வார்கள். மரியாதைக்காக, நிச்சயமாகத் தெரிந்ததைக்கூட ‘மாதிரி’ போட்டுச் சொல்வதும் உண்டு. அம்மாவிடமே கேட்க வேண்டும். கேட்டார்கள். பாட்டி, “ராத்திரி விளக்கு இல்லீங்களே சாமி, தோள்பட்டை இவன் மாதிரி இருந்திச்சி” என்றார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த வாக்குமூலத்தை எழுதியவர் திருட்டுத்தனம் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. தமிழ் தெரியாத ஒருவர், பாதி மலாய் தெரிந்த பேரன் ஒருவன் சொல்லச் சொல்ல, அவசரத்தில் எழுதியிருப்பார். நடுவில் எங்கேயோ ‘மாதிரி’ விழுந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வாக்குமூலத்தை எழுதிய பிறகு, அதைக் கொடுத்தவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் வாசித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். பாட்டிக்கு யாராவது தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார். அக்காவுக்கு வாசித்துக் காட்டினார்களா, எந்த மொழியில், யார்? லோயர் கேட்க வேண்டிய முதல் நாலு கேள்விகளில் இது ஒன்று.

ஏன் இந்த ‘மாதிரி’யைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், முதல் தடவை அடையாளம் காட்டும்போது சாட்சி என்ன வார்த்தை சொன்னார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதுதான் நம்மிடம் இருப்பதில் நல்ல தராசு. ஜான் விக்ஸ்டட், கேரி வெல்ஸ் இருவரும் 2017இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இதைத்தான் காட்டினார்கள். நியாயமான முறையில் நடத்திய முதல் அடையாளத்தில் சாட்சி உடனே, உறுதியாகச் சொன்னால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கும் மதிப்பு உண்டு. ஆகவே கண்ணால் கண்ட சாட்சி எல்லாம் குப்பை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் தப்பு. ஆனால் கோர்ட்டில், ஒன்றரை வருடம் கழித்து வரும் உறுதிக்கு அந்த மதிப்பு கிடையாது. வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998இல் செய்த சோதனையில், தவறான ஆளைக் காட்டிய சாட்சிகளிடம் ‘நல்லது, சந்தேக நபரைத்தான் காட்டினீர்கள்’ என்று ஒரு வரி சொன்னார்கள். அதன் பிறகு, அப்போதே எவ்வளவு உறுதியாக இருந்தீர்கள் என்று கேட்டால் மிக உறுதியாக என்றார்கள். முகம் நன்றாகத் தெரிந்தது, நெடுநேரம் பார்த்தோம் என்றுகூடச் சொன்னார்கள். நம் ஊரில் அந்த வரி போலீஸ் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், “பிடிச்சிட்டாங்களாமே அக்கா, நீங்கதான் தைரியமா காட்டினீங்களாம்” என்று பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள். 2014இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, சாட்சி சொன்ன உறுதியை அந்த இடத்திலேயே அவர் வார்த்தையில் எழுத வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்றது. அதில் ‘எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில்’ என்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

கடைக்காரரும் சொல்கிறாரே என்றால், அவர் முதலில் எப்போது சொன்னார் என்று பாருங்கள். அக்கா சொன்னதைக் கேட்ட பிறகா, வாட்ஸ்அப் குழுவில் பையன் படம் சுற்றிய பிறகா? ஆள் எண்ணிக்கையில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. 1896இல் லண்டனில் அடால்ஃப் பெக் என்பவரை, தங்களை ஏமாற்றி நகையை வாங்கிப் போனவன் இவன்தான் என்று பல பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காட்டினார்கள். சிறைக்குப் போனார். வெளியே வந்து, 1904இல் மறுபடி அதே மாதிரி வழக்கில் மாட்டினார். கடைசியில் உண்மையான ஆள் பிடிபட்டான். இங்கிலாந்தில் 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

கடைக்காரர் சீனர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும், வருத்தப்படுவதற்கு ஒன்றுமில்லை. மனிதர்கள் தங்கள் இனத்து முகங்களை நன்றாகவும் மற்ற இனத்து முகங்களைச் சுமாராகவும் அடையாளம் காண்கிறோம். சுமார் 5,000 பேரைச் சோதித்த 39 ஆய்வுக் கட்டுரைகளை 2001இல் தொகுத்துப் பார்த்தபோது, வேற்று இன முகத்தில் தவறாக ‘இவன்தான்’ என்று சொல்வது ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. பங்களாதேஷ் தொழிலாளர்களை நாமே மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறோமே, அதே கதைதான்.

சட்டம் எங்கே நிற்கிறது? 1950ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி அடையாள அணிவகுப்பைச் சாட்சியமாகக் கொண்டுவரலாம். எப்படி நடத்த வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இந்தியாவில் மாஜிஸ்திரேட் முன்னால் நடக்கும், இங்கே போலீஸ் அதிகாரியே நடத்துவார். எடைபோடுவது நீதிபதியின் வேலை. அதற்கு நம் கோர்ட்டுகள் பிடித்துக்கொண்டிருப்பது 1976இல் இங்கிலாந்தில் வந்த டர்ன்புல் தீர்ப்பு. எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, நடுவில் மறைப்பு ஏதும் உண்டா, முன்பே பார்த்த முகமா, ஞாபகம் வைக்கக் காரணம் இருந்ததா, எவ்வளவு நாள் கழித்து அடையாளம் காட்டினார், முதலில் போலீசிடம் சொன்ன அங்க அடையாளத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இருக்கிறதா. தெரிந்தவர்களைக்கூட ஆள் மாறி அடையாளம் காட்டுவதுண்டு என்று அந்தத் தீர்ப்பே எச்சரிக்கிறது. அங்கே அது ஜூரிக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை. இங்கே 1995இல் ஜூரி முறையை எடுத்துவிட்டோம், ஆகவே நீதிபதி தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். அடையாளம் பலவீனமாக இருந்து, அதைத் தாங்க வேறு ஆதாரம் இல்லாவிட்டால், அதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது.

முதலில் சொன்ன அங்க அடையாளத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் உண்டா என்ற அந்தக் கேள்விதான் உங்களுக்கு ஆயுதம். அக்கா அன்று ராத்திரி கொடுத்த முதல் போலீஸ் ரிப்போர்ட்டின் நகல், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51ஏ பிரிவின்படி விசாரணை தொடங்குமுன் உங்கள் தரப்புக்கு வந்தாக வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது? ‘முகத்தை அடையாளம் காட்ட முடியும்’ என்று இருக்கிறதா? தாடி இருக்கிறதா? பையனுக்கு இடது புருவத்தில் தழும்பு என்று சொன்னீர்களே, அது இருக்கிறதா? லோயருக்குப் பணம் இல்லை என்றால், தேசிய சட்ட உதவி அறவாரியம், ஒய்பிஜிகே என்பார்கள், 2012 முதல் குடிமக்களுக்குக் குற்ற வழக்குகளில் இலவசமாக உதவுகிறது. இனி வீட்டில் யாரையாவது பிடித்தால் முதல் நாளே கூப்பிடுங்கள். அதே சட்டத்தின் 28ஏ பிரிவின்படி பிடிபட்டவர் குடும்பத்துக்கும் லோயருக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு.

அக்கா வீட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் அம்மாவையும் அனுப்பாதீர்கள். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சாட்சியைக் கலைத்ததாகத்தான் முடியும். அவர் மேல் கோபமும் வேண்டாம், அவர் கழுத்தில் காயம் இன்னும் ஆறியிருக்காது. பையன் நல்லவன் என்று அவன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறீர்கள், அதை உடனே எடுங்கள். இன்னும் விசாரிக்காத சாட்சி யாராவது இருந்தால் அவர் மனதிலும் அந்த முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள்.

மில்லில் இருந்தேன் என்பதை வெறும் வாயால் சொன்னால் போதாது. வேறு இடத்தில் இருந்தேன் என்கிற வாதத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. லோயர் அதைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது பஞ்ச் கார்டு, அன்றைய ஷிஃப்ட் பட்டியல், அவனோடு பாய்லர் பக்கம் நின்றவர்களின் பேர். மில் கேட்டில் சிசிடிவி இருக்கும். அந்தப் பெட்டிகள் சில வாரத்தில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும், சம்பவம் நடந்து இப்போதே மூன்று வாரம் ஆகிறது. நாளைக் காலையில் லோயர் கடிதத்தோடு மேனேஜர் ஆபீஸ் திறக்கும்போதே அங்கே இருங்கள். கடிதம் தயாராகத் தாமதமானால், வெறுங்கையோடாவது போய், அந்த வெள்ளிக்கிழமை பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.